கரி பூசினவளுக்கு

இன்று காலை உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்தில் சீனி கரிந்தது. ஒவ்வொரு வருஷமும் நான் செய்து காட்டுவதுதான். முகவையில் கொஞ்சம் சீனி, அதன் மேல் சல்பூரிக் அமிலம். முதலில் மஞ்சள், பிறகு கபிலம், பிறகு ஒரு கறுப்புத் தூண் புகை கக்கிக்கொண்டு மெல்ல மேலே எழும்பி வரும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அந்த மணம் வந்தால் எனக்கு நீ பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். இன்றைக்கு அது மூக்கில் ஏறியதும் குமட்டிச் சத்தி வருமாப்போல இருந்தது. யன்னலடிக்குப் போய் வெளிக்காற்றில் நின்றேன்.

"ரீச்சர், சுகமில்லையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"ஒண்டுமில்லை, மணந்தான்" என்றேன்.

காரணம் அந்த மணமில்லை. போன சனிக்கிழமை மன்னார்த் தீவில் எங்கள் ஊர் மீனவர் சங்க மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே உன்னை வைத்து ஒரு கூத்து ஆடினார்கள். அன்று தொடங்கிய குமட்டல் இன்னும் விடவில்லை. நீ காய்ச்சலில் படுத்து, டெங்கு என்று தெரிய முன்னமே போய், இரண்டு மாரி கடந்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் அன்று பின்னேரமே உனக்குப் போன் எடுத்து வயிறு எரியத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

நானும் நீயும் மன்னார் நகரத்தில் கன்னியர் மடத்து விடுதியில் ஒரே அறையில் இருந்து படித்தோம். நான் கடற்கரை ஊர்ப் பிள்ளை, கதவைத் திறந்தால் வலையும் வள்ளமும். நீ பெருநிலத்தில் நறுவிலிக்குளம். உன் அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி உன்னை வளர்த்தவர்கள். உன்னிடம் இரண்டு தமிழ் இருந்தது. எங்களோடு "வாறன், போறன்" என்பாய். அம்மா பார்க்க வந்தால் அதே வாயில் "வாரேம்மா, சாப்பிட்டீங்களா?" என்று வரும். ஒரு தமிழிலிருந்து மற்றதுக்குத் தாவ உனக்கு மூச்சுவிடும் நேரங்கூடத் தேவைப்படவில்லை.

ரியூசன் வகுப்பில் அன்ரன் என்று ஒருத்தன் இருந்தான், நினைவிருக்கும். கடைசி வாங்கில் இருப்பான். உனக்கு அவன் வைத்த பெயர் "தோட்டக்காட்டாள்". சேர் விடைத்தாள் திருத்திக் கொடுத்து, உன் புள்ளிகளை வாசிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "கொழுந்து நல்லா விளைஞ்சிருக்கு" என்று சத்தம் வரும். முழு வகுப்பும் சிரிக்கும். நான் எழும்பிச் சண்டைக்குப் போனால் நீ என் கையைப் பிடித்து இழுத்து இருத்துவாய்.

"விடடி. மலத்தில கல்லெறிஞ்சா ஆருக்குத் தெறிக்கும்?"

சொல்லிவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தைத் திருப்புவாய். உனக்கு அவன்மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. முகத்தை ஒரு பக்கமாகச் சுளிப்பாய், அவ்வளவுதான்.

பற்றரிமேல் உனக்கு எப்படி அப்படியொரு வெறி வந்தது என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். எனக்கு அது விடுதியிலேயே தெரியும். உங்கள் வீட்டுக்குக் கரண்ட் வராத காலம். பழைய கார் பற்றரி ஒன்றில் ஒரு லைற்றும் றேடியோவும். அது இறங்கினால் அப்பா சைக்கிளில் கட்டி நகரத்துக் கடைக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அது ஆடியசைந்து சார்ஜ் ஏறி வரும்வரை வீட்டில் இருட்டு. "எனக்குப் பரீட்சை வாற கிழமைதான் அது கட்டாயம் இறங்கும்" என்பாய். "ஆறுதலாச் சார்ஜ் பண்ணலாம் எண்டு சொல்லுறவைக்கு வீட்டில ரெண்டு கரண்ட் லைன் இருக்கும். இல்லாதவனுக்குத்தான் கெதியா ஏறவேணும்."

உயர்தரத்தில் நீ பெற்ற புள்ளிகளுக்கு மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று கிடைத்தது. "அம்மாவை அடிச்சுக் கலைச்ச மலைக்கே நான் படிக்கப் போறன்" என்று சிரித்துக்கொண்டு பஸ் ஏறினாய். நான் யாழ்ப்பாணம் போய்ப் பட்டம் முடித்து ரீச்சராகி ஊருக்கே திரும்பினேன். நீ அங்கேயே ஆய்வுக்கு நின்றுவிட்டாய்.

ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது உன்னை என் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீ கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. மேசையில் ஏறி இருந்துகொண்டு பேசினாய். போனில் இருக்கிற பற்றரியின் அனோட்டில் பென்சில் கரி இருக்கிறது, அவசரப்படுத்திச் சார்ஜ் ஏற்றினால் லிதியம் உள்ளே போக இடமில்லாமல் மேலேயே படியும், அது ஆபத்து என்றாய். அதற்குப் பதிலாக நீ எடுத்தது டைட்டேனியமும் லிதியமும் சேர்ந்த ஒரு வெள்ளைத் தூள்.

"இந்தத் தூளுக்குள்ள லிதியம் கெதியாப் போகலாம், கெதியா வரலாம். வீடு அப்பிடி. வீங்காது, வெடிக்காது. ஒரேயொரு குறை, இலத்திரன் ஓட வழியில்லை. அந்த வழியைத்தான் நான் போடுறன்."

"என்னத்தால, மிஸ்?"

"சீனியால."

பிள்ளைகள் சிரித்தார்கள். தூளைச் சீனிக் கரைசலில் குழைத்து, காய விட்டு, காற்றுப் புகாத சூளையில் சுட்டால் சீனி கரியாகி ஒவ்வொரு துணிக்கையையும் மெல்லிய தோலாகப் போர்த்திவிடும் என்று விளங்கப்படுத்தினாய். வெள்ளையாகப் போனது கறுப்பாக வெளியே வரும். "பூச்சுத் தடிச்சால் லிதியம் உள்ள போகாது. மெலிஞ்சால் இலத்திரன் ஓடாது. அந்த நடுவைப் பிடிக்கத்தான் என்ர அரைவாசி வயசு போகுது." அன்றைக்கு வகுப்பு முடிய மணி அடித்தும் ஒருத்தரும் எழும்பவில்லை.

எங்கள் கடற்கரை மண்ணைப் பற்றிய எண்ணம் உனக்கு அதன் பிறகுதான் வந்தது. கடல் அடித்து ஓய்ந்த பின் கரையில் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்து கிடக்குமே, அந்த மண். அதில் இருப்பது இல்மனைட், டைட்டேனியமும் இரும்பும் சேர்ந்த தாது. ஒரு நாள் காலை இரண்டு பேரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதை வழித்து வழித்து ஒரு அரிசிப் பையில் நிரப்பினோம். கருவாடு காயவைத்துக்கொண்டு நின்ற என் சித்தி, "படிச்ச பெட்டையள் மண் அள்ளி விளையாடுதுகள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பை கனம் தாங்காமல் பஸ்ஸில் நீ பட்ட பாட்டையும் பிறகு சொல்லிச் சிரித்தாய்.

சிரிப்பு அதோடு முடிந்தது. அந்த மண்ணை அமிலத்தில் கரைத்துப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாய். உன் குரல் ஒருமாதிரி இருந்தது.

"ஒரு கை வெள்ளைத் தூள் எடுக்க ஒரு வாளி பச்சைத் தண்ணி வருகுதடி. முழுக்க இரும்பும் அமிலமும். அதை எங்க ஊத்துறது எண்டு தெரியாமல் முழிக்கிறன். இஞ்ச ஒரு வாளி. உங்கட ஊரில தொழிற்சாலை போட்டாங்கள் எண்டு வை, என்ன நடக்கும்?"

அடுத்த தடவை வந்தபோது என் வீட்டுக் கிணற்றடியில் நின்று குனிந்து பார்த்தாய். எங்கள் கிணறுகள் எல்லாம் ஆழமில்லாதவை. மண்ணுக்குள் மழைநீர் தேங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம். "மண்ணை எடுத்தால் இந்தத் தண்ணி எதில நிக்கும்?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பைக்குள் நீ கைவைக்கவில்லை. கடையில் வாங்கிய தூளோடு வேலையைத் தொடர்ந்தாய். "என்ர வேலை மேல பூசுற கரியில. உள்ள இருக்கிற தூள் எந்த ஊரில இருந்து வந்தாலும் எனக்கு ஒண்டுதான்" என்றாய்.

கறுப்பு மண் எடுக்கத் திட்டம் போட்டிருந்த கம்பனி ஒன்றிலிருந்து ஆள் ஒருத்தர் உன்னைத் தேடி ஆய்வுகூடத்துக்கு வந்ததையும் சொன்னாய். மன்னார் மண்ணில் செய்த பற்றரி என்று நீ ஒரு வரி எழுதித் தந்தால் போதும், ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் செய்து தருவதாகச் சொன்னாராம். நீ தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாயாம். "அவர் போனாப்பிறகு கதிரையைத் துடைச்சனான்" என்றாய். முகத்தை ஒரு பக்கமாகச் சுளித்துக்கொண்டு.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் புதுசாக அச்சடித்த பிளாஸ்ரிக் பதாகையின் நாற்றம். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க நீ. வெள்ளை மேலங்கி, கையில் ஒரு சோதனைக் குழாய். முதலில் உன்னை எனக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை. முகத்தை வெள்ளையாக்கியிருந்தார்கள். கன்னத்தில் ரோசாப்பூ நிறம். உன் மாநிறத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கீழே பெரிய எழுத்தில் "மன்னார் மண்ணின் மகள் கண்ட கனவு". அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அந்த மண் கம்பனியின் பெயர்.

மண்ணின் மகளாம். நீ பல்கலைக்கழகம் போக முன், விடுதி பூட்டியிருந்த ஒரு மாதத்துக்கு நகரத்தில் உனக்கு ஒரு அறை கேட்டு நாங்கள் ஏறி இறங்கிய வீடுகள் எனக்கு மறக்கவில்லை. நறுவிலிக்குளம் என்றதும் "எந்தப் பக்கத்து ஆக்கள், வந்தாக்களோ?" என்று கேட்டுக் கதவைச் சாத்தின முகங்கள் சில முன்வரிசையில் இருந்தன. பதாகையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு.

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆர் என்று நினைக்கிறாய்? அன்ரன். கம்பனிக்கும் ஊருக்கும் நடுவில் பேசுகிற உத்தியோகம். வாசனைத் தைலம் மூன்று வரிசை தாண்டி மணத்தது.

"இந்தப் பிள்ளை எங்கட மன்னாரின்ர சொத்து" என்றான். "நானும் அவவும் ஒண்டாப் படிச்சனாங்கள். அப்பவே எனக்குத் தெரியும், இவ பெரிய ஆளா வருவா எண்டு. நிமிஷத்தில சார்ஜ் ஏறுற பற்றரியை இண்டைக்கு உலகமே தேடுது. அது எங்கட காலடியில கிடக்கிற கறுப்பு மண்ணுக்குள்ள இருக்கு எண்டு கண்டுபிடிச்சது ஆர்? எங்கட பிள்ளை!"

கை தட்டினார்கள். எழும்பி வெளியே போயிருப்பேன். ஆனால் மேடையில் நடுக் கதிரையில் உன் அம்மா இருந்தா.

கம்பனி வான் ஒன்றை அனுப்பி நறுவிலிக்குளத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. கால் நிலத்தில் முட்டாமல் கதிரை நுனியில் ஒதுங்கி இருந்தா. இந்த மாவட்டத்தில் அந்த மனுசியை ஒரு மேடையில் இருத்தினது அதுதான் முதல் தடவை. முகத்தில் ஒரு பூரிப்பு. உன் செத்தவீட்டுக்குப் பிறகு நான் காணாத பூரிப்பு. அதைத்தான் அவர்கள் வாங்கியிருந்தார்கள்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் எழும்பினார். "தொண்ணூறில எங்களை ஊரை விட்டே அனுப்பினாங்க. எத்தனையோ வருஷம் வெளியில கிடந்து திரும்பி வந்து, கிணத்தைத் தூர்வாரித்தான் குடியேறினோம். மண்ணை எடுத்தா அந்தக் கிணத்துக்கு என்ன பதில்?"

"கறுப்பை மட்டும் பிரிச்சு எடுத்திட்டு மிச்சத்தைத் திருப்பி நிரப்பித் தருவம், ஐயா. முந்தியதைவிட வடிவா இருக்கும்" என்றான் அன்ரன். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். "இப்ப அம்மா ரெண்டு வார்த்தை சொல்லுவா. மகளின்ர கனவு நிறைவேற எல்லாரும் காணியில துளையிட்டுப் பாக்கச் சம்மதிக்க வேணும் எண்டு."

நான் எழும்பினேன். எழும்பும்போதே அம்மாவின் முகம் கண்ணில் பட்டது. நான் வாயைத் திறந்தால் அந்தப் பூரிப்பைப் பிடுங்குகிறேன். திறக்காவிட்டால் உன்னை விற்க விடுகிறேன். இப்படியொரு இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"அன்ரன், அவ எங்க அப்பிடிச் சொன்னவ?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "ரீச்சர், நீங்கள் கெமிஸ்ரி படிப்பிக்கிற ஆள். அவவின்ர பற்றரிக்கு டைட்டேனியம் வேணுமோ இல்லையோ?"

"வேணும்."

"அது இந்த மண்ணில இருக்கோ இல்லையோ?"

"இருக்கு."

"பிறகென்ன?"

மண்டபம் சிரித்தது. ரியூசன் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு.

"இருக்கு. ஆனா உலகத்தில தோண்டி எடுக்கிற டைட்டேனியத்தில முக்கால்வாசிக்கு மேல பெயின்ருக்கும் பிளாஸ்ரிக்குக்கும் போடுற வெள்ளைச் சாயத்துக்குத்தான் போகுது" என்றேன். "பற்றரிக்குப் போறது ஒரு கிள்ளு. அவ செய்தது தூளுக்கு மேல பூசின கரி. அந்தத் தூளை அவ கடையில வாங்கினவ. எங்கட மண்ணையும் ஒருக்காக் கொண்டுபோய்ப் பாத்தவ. என்னோடதான் அள்ளினவ. பாத்திட்டு, இது வேண்டாம், கிணறு பழுதாப்போகும் எண்டு விட்டவ."

"அது ரீச்சரின்ர கதை" என்றான் அன்ரன். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "பெத்த தாய் இஞ்ச இருக்கிறா. அவவே சொல்லட்டும்."

ஒலிவாங்கியை அம்மாவின் வாய்க்கு முன்னால் நீட்டினான். அம்மா அதைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடினா. விடுதிக் காலத்தில் உனக்கு ரொட்டி கட்டிக்கொண்டு வந்தால் எனக்கும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிற மனுசியல்லவா.

"தாயி, புள்ள இந்த மண்ணத் தோண்டச் சொன்னுச்சா?"

"இல்லையம்மா. வேண்டாம் எண்டுதான் சொன்னவ."

அம்மா கதிரையிலிருந்து எழும்பி நின்றா. பிறகு ஒலிவாங்கிக்குள் சொன்னா.

"எனக்கு வெவரம் தெரியாதுங்க. புள்ள பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, வந்தேன். அது சொல்லாதத நான் சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். பெரிய ஆரவாரம் ஒன்றும் எழவில்லை. கதிரைகள் இழுபட்டன. எருக்கலம்பிட்டிப் பெரியவர் தன் ஆட்களோடு வெளியே போனார். எங்கள் ஊர்க்காரரும் பாதிப்பேர் பின்னால் போனார்கள். மிச்சப் பேர் நின்று றோல்ஸ் தின்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், சிலர் சம்மதமும் கொடுத்தார்கள். எண்ணெய்க் கையை உன் பதாகையின் ஓரத்தில் துடைத்த ஒருத்தரையும் பார்த்தேன்.

அம்மா மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, பொன்னாடையையும் மடித்து அதன்மேல் வைத்தா. கோபத்தில் செய்ததுபோல இல்லை, வேறொருவர் வீட்டுப் பொருளைத் திருப்பி வைக்கிறதுபோல. பிறகு அந்தப் படத்தடியில் போய் நின்றா.

"இம்புட்டு வெள்ளையா அடிச்சிருக்காங்க" என்றா. "ஆனா கண்ணு அதோடது தான். எங்கிட்ட அதோட பெரிய படம் ஒண்ணுமில்ல, தாயி. இதக் கேட்டாக் குடுப்பாங்களா?"

நான் அன்ரனிடம் கேட்டேன். மறுப்பான், நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயில் வைத்திருந்தேன்.

"எடுங்கோ, எடுங்கோ" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "படம் கம்பியூட்டரில கிடக்கு. அடுத்த ஊருக்கு வேற அடிப்பம்."

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட அத்தனை தூஷணத்தையும்விட அந்த வசனம் எனக்கு நாறியது. மண்டபத்துக் காவலாளியிடம் கத்தரிக்கோல் வாங்கி, எழுத்துகளை வெட்டி எறிந்துவிட்டு, உன் முகத்தை மட்டும் சுருட்டி அம்மாவின் கையில் கொடுத்தேன்.

வந்த வான் அவவைத் திருப்பி ஏற்ற நிற்கவில்லை. தெரிந்த ஓட்டோ ஒன்றைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். பாலம் தாண்டினோம். அம்மா மடியில் உன்னைச் சுருட்டி வைத்தபடி இருந்தா. நான் செய்தது சரியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெருநிலம் ஏறி வயல்கள் தெரியத் தொடங்கின பிறகு அவவே கேட்டா.

"தாயி, அது மெய்யாலுமே என்னா செஞ்சிச்சு அங்க? செத்தப்ப வந்த பெரியவங்கெல்லாம் என்னென்னவோ சொன்னாங்க. ஒண்ணும் வெளங்கல."

"ஒரு வெள்ளைத் தூளுக்கு மேல கரி பூசினவ, அம்மா. அப்பிடிப் பூசினா பற்றரி கெதியாச் சார்ஜ் ஏறும்."

"கரியா? நம்ம அடுப்புக் கரியா?"

"கிட்டத்தட்ட. சீனியைக் கருக்கி எடுத்த கரி."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் பகிடி விடுகிறேனோ என்று ஒரு சந்தேகம். பிறகு வாயைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. தோள் குலுங்கியது.

"அடிப் பாவி மவளே. சின்னப் புள்ளையில பாகு காச்சச் சொன்னாச் சட்டியோட கருக்கி வச்சிட்டுப் புத்தகம் படிக்கும். நான் வெளக்குமாத்தால அடிப்பேன். அதையே போயிப் பெரிய படிப்பாப் படிச்சிருக்கா?"

ஓட்டோக்காரப் பெடியனும் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். கண்ணீர் வரச் சிரித்தேன். இந்தக் கதையை நீ எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லையே, கள்ளி.

அடுத்த ஊரில் கூட்டம் வைத்துவிட்டார்களாம். புதுப் பதாகையாம். நானும் போவேன், எழும்புவேன், அன்ரன் அதே கேள்விகளைக் கேட்பான், சனம் சிரிக்கும். அவர்கள் தோண்டுவார்களோ மாட்டார்களோ எனக்குத் தெரியாது. குமட்டல் போகாது, போகவும் வேண்டாம். அதோடு சேர்த்து இப்போது என்னிடம் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டோவின் பின் இருக்கையில், படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு மாரிக்குப் பிறகு உன்னைத் திட்டிச் சிரித்த உன் அம்மாவின் குரல்.